இரண்டு பதினேழு

கோயில் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள்,
வரி கட்டாத தலைக்கட்டுகள் என்று.
ஏழாவது பெயர் எங்களுடையது:
சூசைநாயகம் மனைவி எஸ்கலின், பதினான்கு மாதம்.
கணக்கருக்கு நல்ல கையெழுத்து.
அம்மாவின் பெயரை அவ்வளவு அழகாக
வேறெங்கும் எழுதிப் பார்த்ததில்லை நான்.

அப்பா கொல்லத்துக்குப் போன போட்டில் இருந்தார்,
அல்லது இல்லை.
கடியபட்டணத்தில் எல்லாருக்கும் அது
எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.
புகையைப் பார்த்தே
யார் வீட்டில் உலை ஏறியது என்று சொல்லிவிடும் ஊர்.
அதனால் அம்மா சில மாலைகளில்
வெறும் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள்,
சிரட்டையும் ஈரச் சருகும் போட்டு,
புகை மட்டும் தாராளமாக.

ஆடி மாதம். கடலுக்குப் போன மரங்கள் நாலைந்துதான்.
மெற்றில்டா மாமி லேலத்தில் எடுத்த அயலைகளை
எண்ணி எண்ணிக் கடவத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.
திங்கள்நகர்ச் சந்தைக்கு நடக்க வேண்டும் அவள்.
யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினாள்.
வீடு வரைக்கும்
என் பாவாடை மடிப்புக்குள்
தொடையில் ஒட்டிக்கொண்டு வந்தது
ஒரு குளிர்ந்த வால்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
வரிசை என்று சொல்ல முடியாது,
முதுகோடு நெஞ்சு ஒட்டிய நெரிசல்.
எனக்கு அடுத்து நின்றது அவள்தான்.
முழந்தாளிட்டு, மரச்சல்லடையில் வாயை வைத்து
"களவாண்டேன் சாமி, ஒரு அயலை" என்றேன்.
சாமியாருக்குக் காது மந்தம்.
"என்னது? சத்தமாச் சொல்லு."
சத்தமாகச் சொன்னேன்.

பிறகு அவள் முறை. நான் தூணோரம்.
அவளும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது:
"மீனெடுத்தவ கை அழுகிப் போவட்டும்னு
மண்ண வாரித் தூத்தினேன் சாமி."

இரண்டு பேருக்கும் மூன்று அருள்நிறைந்த மந்திரம்.
ஒரே பெஞ்சு.
எனக்கு முன்னால் முடித்துவிட்டு
என் கையை எடுத்துப் பார்த்தாள், விரல் விரலாக,
அழுகல் ஏதும் தொடங்கியிருக்கிறதா என்று.
பிறகு எழுந்து போய்விட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் தப்பித் தவறிக் காதில் விழுந்ததைக்
கேட்டவரும் வெளியே சொல்லக் கூடாது என்று
மறைக்கல்வியில் சிஸ்டர் சொல்லியிருந்தார்.
மெற்றில்டா மாமி மறைக்கல்வி படித்தவளில்லை.
நாய் எத்தனை குட்டி போட்டது என்பதையே
மூன்று தெருவுக்குச் சொல்லாமல் தூங்காதவள்.
இதை ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கரையில் எண்ணினாள்.
பதினைந்து. பதினாறு.
பதினேழு என்னும்போது விரல் வழுக்கி
ஒன்று மணலில் விழுந்தது. குனியவில்லை.
அடுத்ததை எடுத்து
என்னைப் பார்க்காமல்
மறுபடியும் பதினேழு என்றாள்.

அந்த ஆடி முழுக்க அப்படித்தான்.
ஆவணியில் அப்பாவின் பணம் வந்தது.
எப்படித் தெரிந்ததோ, மறுநாளே
ஒழுங்காக எண்ணத் தொடங்கிவிட்டாள்.
எனக்குக் கோபம்கூட வந்தது.

இப்போது பெரம்பூரில் ஒரு கோயிலில்
நல்ல காதுள்ள சாமியாரிடம் முணுமுணுக்கிறேன்.
நான் யார் மகளென்று அவருக்குத் தெரியாது.
எனக்குப் பின்னால்
இரண்டு முழம் தள்ளி நின்று
கைப்பேசியைத் தடவுகிறவருக்கும் தெரியாது.
சுகமாகத்தான் இருக்கிறது.

இங்கே அயலைக்குக் கானாங்கெளுத்தி என்று பேர்.
தராசில் போடுகிறார்கள்.
யாரும் எண்ணுவதில்லை.