கரையாத கட்டி

குதைசி நகரத்தில், ரியோனி ஆற்றுப் பாலத்தடியில்,
முப்பத்தோரு வருஷமாக
இந்தக் களிமண் அடுப்புக்குள்
இடுப்பு வரை கவிழ்ந்து
ரொட்டி ஒட்டுகிறேன்.
ஒவ்வொரு தடவையும்
கால் தரையை விட்டு எழும்பும்,
அடுப்பின் விளிம்பு மார்பை அழுத்தும்.
எனக்கு அங்கே தோலே காய்த்துப் போயிருந்தது.
அதனால்தான்
அதையும் முதலில் அடுப்பின் கணக்கில் எழுதினேன்.

பிப்ரவரி. வெளியே ஈரப் பனி.
குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது,
இடப்பக்கம், அக்குளை ஒட்டி.
பீன்ஸ் விதை அளவு.
வலிக்கவில்லை.
வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.
வலிக்காததை யார் மதிக்கிறார்கள்?

விடியுமுன் நாலு மணிக்கு
மாவுத் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி,
கரையாத கட்டி ஒன்று கிடைத்தாலும்
நசுக்கிவிட்டுத்தான் மறுவேலை.
அதே விரல்கள்தான்.
என் உடம்பில் கண்டதை
சட்டைப் பொத்தானுக்குள் மூடிவிட்டு
மாவு பிசைந்தன.
நெருப்போடு பிழைக்கிறவள் நான்.
ஆனால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது
அந்தப் பத்தொன்பது நாள்தான்.

இருபதாம் நாள்
ரெவாஸ் பையன்
கட்டிகட்டியாக மாவு கொண்டுவந்தான்.
"சின்னதுதானே, வெந்தால் சரியாகிவிடும்."
"ஆகாது!" என்று கத்தினேன்.
"உள்ளே பச்சையாகவே இருக்கும்.
வெளியே பார்த்தால் தெரியாது."
கத்தியது எனக்கே கேட்டது.
ஏப்ரனைக் கழற்றி
ஆணியில் மாட்டிவிட்டு
பஸ் ஏறினேன்.

மார்பைத் தட்டுக்களுக்கு இடையில் வைத்து
அழுத்தியது எந்திரம்.
"வலிக்கிறதா?" என்றாள் அந்தப் பெண்.
"என் அடுப்பு இதைவிட முரடு" என்றேன்.
சிரித்தாள். பிறகு
திரையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்த பிறகு
மருத்துவர் மாக்வாலா அந்தச் சொல்லைச் சொன்னார்.
அறையில் ஒரு பிளாஸ்டிக் செடி.
அதற்கும் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"சிறிதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், நாஸிப்ரோலா.
செய்ய நிறைய இருக்கிறது."
பத்தொன்பது நாளைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு ஒதார்
இரண்டு கிண்ணம் ஒயின் ஊற்றினான்.
எங்கள் ஊரில் வாழ்த்துச் சொல்லாமல் குடிப்பதில்லை.
கிண்ணத்தைத் தூக்கினான், வாயைத் திறந்தான்.
வரவில்லை.
காலையில் பார்த்தேன்:
இரண்டும் தளும்பத் தளும்ப அப்படியே.

அறுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள்.
சில நாள் ரொட்டி வாசனையே குமட்டியது;
அதற்குத்தான் அழுதேன்.
முடி கொட்டியதில் ஒரு லாபம்,
அடுப்பில் கருகாது.

செப்டம்பரில் திரும்பி வந்தேன்.
விளிம்பில் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டுவிட்டுக் கவிழ்ந்தேன்.
வரிசை கேட்டது, எங்கே போனாய் என்று.
சொன்னேன்.
மார்பு என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னேன்.
இரண்டு ஆண்கள் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.
பத்தொன்பது நாளையும் சொன்னேன்.
அதற்குத்தான் தொண்டை அடைத்தது.
"நீங்கள் பார்த்துக்கொண்டீர்களா?" என்று
சில்லறையோடு சேர்த்து ஒவ்வொருத்தியையும் கேட்டேன்.
ட்சியாலாவுக்குக் கோபம்:
"பிளம் காய்ச்சுகிற சீசன். நேரம் ஏது?"
ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.
அடுத்த வாரம்
எதிர்க் கடையில் வாங்கினாள்.

இன்றைக்கு
கடை திறக்குமுன் வந்து நின்றாள்.
பை இல்லை. காசு இல்லை.
வலது கை இடது அக்குளுக்குள்.
"என்னவோ மாதிரி... வலியெல்லாம் இல்லை."

ரெவாஸிடம் கொக்கியைக் கொடுத்தேன்.
ஒன்பது பத்துக்கு பஸ்.
ஏப்ரனைக் கழற்றிவிட்டு
அடுப்பிலிருந்து வந்த முதல் ரொட்டியை,
விரல் சுட,
இரண்டாகப் பிய்த்தேன்.
வழிக்கு.