கழலாத இருக்கை

பதினேழு இருக்கைகளைக் கழற்றிவிட்டார் சூசை.
பதினெட்டாவதன் நட்டு மட்டும்
துருவேறி, ஸ்பேனருக்கு மசியவில்லை.
கிடக்கட்டும் என்றேன்.
மே மாதம் பள்ளிக்கூட வேனுக்கு வேலையில்லை,
தவணைக்குத்தான் லீவு கிடையாது.
மிச்சமிருக்கும் பத்து நாளைக்கு
இது கேரவன் என்றாள் லீமா,
செல்போனில் பார்த்த சொல்.

இரண்டு பலகை, சின்ன சிலிண்டர்,
தண்ணீர் கேன் மூன்று,
ஜன்னலுக்கு என் ஊதாச் சேலை
ஒன்பது துண்டாக.
பக்கவாட்டில் இருந்த பள்ளியின் பெயரை
பழைய ஃப்ளெக்ஸ் கட்டி மறைத்தோம்.
யார் வீட்டுக் காதுகுத்தோ.
போன ஊரெல்லாம்
மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய
முன்பின் தெரியாத குழந்தை ஒன்று
எங்களோடு சிரித்துக்கொண்டே வந்தது.

தேவகோட்டையிலிருந்து கடல் ஒரு மணி நேரம்.
முப்பத்தாறு வயதுக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன்,
தொண்டியில் சின்ன மாமா இறந்தபோது.
வீடு கரையில்தான்.
எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதோம்.

இந்த முறை ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு
கரையை ஒட்டியே வடக்கே ஏறினோம்.
மீமிசலில் உப்பளத்து வெள்ளை கண்ணைக் குத்தியது.
கோட்டைப்பட்டினத்தில் தடைக்காலம்,
விசைப்படகுகள் முட்டிக்கொண்டு சும்மா நின்றன.
நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம்
என் நாத்தனார் மதலை பேரம் பேசிய பேச்சில்
அவர் நண்டைக் கொடுத்து
கூடையையும் கொடுத்துவிட்டார்.
சேதுபாவாசத்திரம் தாண்டி,
பந்தாடிக்கொண்டிருந்த பையன்கள்
மஞ்சள் வண்டியைக் கண்டதும்
“டேய், பள்ளிக்கூடம் தொறந்துட்டாய்ங்கடா!” என்று
சவுக்குத் தோப்புக்குள் ஓடினார்கள்.
வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன்.

கழலாத இருக்கைக்குத்தான் தினமும் சண்டை.
இன்னாசி அதில் நின்றுகொண்டு மீன்கொத்திகளை எண்ணினான்,
ஏழுக்குப் பிறகு அவனுக்குப் பதினொன்று.
அதிராம்பட்டினத்தில் டீசல் கணக்கில்
எனக்கும் சூசைக்கும் வாய் தடித்து
ஒரு ராத்திரி முழுக்க அவர்
அதில் குந்தியபடியே தூங்கினார்.
கோடியக்கரையில் மதலையின் போன் அடித்தது.
அவன்தான்.
அந்த இருக்கையில் உட்கார்ந்து
முழுசாக அடித்து முடிக்கட்டும் என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு வெங்காயம் உரித்தாள்.
வெங்காயத்துக்குத்தான் அழுதாள் என்று
நாங்களும் வைத்துக்கொண்டோம்.

திரும்பும்போது இரவு.
தொண்டியில் மேற்கே ஒடித்தேன்.
திருவாடானை வருவதற்குள்
காற்றில் உப்பு தீர்ந்துபோனது.
தேவகோட்டையில் ஒரு டீக்கடைகூட இல்லை.
எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு முன்னால்
ஒன்றே முக்காலுக்கு இன்ஜினை நிறுத்தினேன்.

யாரும் அசையவில்லை.
லீமாவின் கால் இன்னாசியின் வயிற்றில்.
மதலை வாயைத் திறந்து.
சாவி என் இடுப்பில்,
கதவு பத்து எட்டில்.
எழுப்பினால்
பால் பாக்கெட், துணி மூட்டை, திங்கட்கிழமை,
திரும்ப மாட்ட வேண்டிய பதினேழு.

பின்னால் போய்
அந்த இருக்கையில் உட்கார்ந்தேன்.
ஆறு வருஷமாக இந்த வண்டியை ஓட்டுகிறேன்,
இங்கே உட்கார்ந்ததே இல்லை.
இங்கிருந்து பார்த்தால்
டிரைவர் சீட் அவ்வளவு சின்னதாக இருக்கிறது.
ஜன்னல் சட்டத்தில் பால்பாயிண்ட் பேனாவில்
யாரோ அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறார்கள்:
இது என் சீட்டு. ஹரிணி, 3 பி.
மன்னிச்சுக்க தாயே, ஒரு ராத்திரிதான் என்றேன்.
காலுக்கடியில் மணல் நறநறத்தது.
எவ்வளவு கூட்டினாலும்
ஜூன் மாதம் ஒரு பிள்ளையின் ஷூவில் ஏறி
வகுப்புக்குப் போகும்.

சூசை புரண்டு படுத்தார்.
கண் திறக்காமலே கேட்டார்,
“ஊர் வந்துருச்சா?”

தெருநாய் முன்சக்கரத்தை மோந்து பார்த்தது,
அதற்குத் தெரியாத ஊர்களின் வாசனை.

“இன்னும் இல்ல” என்றேன்.
“படுங்க.”