இருப்பு: ஒன்று

"மாற்றினார்கள்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டாய், நஞ்சுண்டா.
மூன்றாம் அத்தியாயம். பயணத்தின் பதினோராவது வருடம்.
பிரதான எந்திரத்தில் ஆயில் சீல் கிழிகிறது.
மாற்றினார்கள்.
எங்கிருந்து எடுத்து?

தருமபுரி டிப்போவில் பத்தொன்பது வருடமாக
ஸ்டோர் சாவி என் இடுப்பில் தொங்குகிறது.
சேலத்திலிருந்து ஒரு சீல்
அறுபத்தைந்து கிலோமீட்டரைக் கடந்து வர
நாற்பது நாள் எடுத்துக்கொள்ளும்.
உன் வெண்கொக்குக்குச்
சேலம் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறது?

முன்யோசனையாக ஆயிரம் சீல் ஏற்றிக்கொண்டார்கள் என்று சமாளிக்காதே.
ரப்பர் சும்மா கிடந்தாலும் கிழடாகும்.
பதினோரு வருடம் அலமாரியில் இருந்ததை
விரலால் மடித்துப் பார்த்திருக்கிறாயா?
அப்பளம்.
போல்ட்டு கடைந்துகொள்வார்கள், சரி, லேத் வைத்திருக்கிறாய்.
அந்த லேத்தின் பேரிங் தேய்ந்தால்?

பின்பக்கம் புங்கமரத்தடியில் நிற்கிறதே 1163,
அதை நீ தினமும் தாண்டித்தான் பென்னாகரம் வண்டி ஏறுகிறாய்.
அதன் கண்ணாடி பாலக்கோட்டுக்குப் போனது.
டைனமோ ஏரியூருக்கு.
டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் எங்கே என்று கேட்காதே,
கணக்கில் இல்லை.
நகராத அந்த வண்டி
நம் எல்லா ரூட்டிலும்
கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருக்கிறது.
உன் கப்பலுக்குப் பின்னால்
செத்த கப்பல் ஒன்றைக் கட்டி இழு.
கௌரவம் பார்க்காதே.

இன்னொன்று, தண்ணீர்.
குடித்ததையே வடித்துக் குடிக்கிறார்கள் என்கிறாய்.
வடித்தபின் அடியில் தங்குவதை எங்கே கொட்டுகிறார்கள்?
நான் பாப்பாரப்பட்டிக்காரி, என் பல்லைப் பார்.
சின்ன வயசில் குடித்த போர்த் தண்ணீர்
பழுப்புக் கோடாக இன்னும் நிற்கிறது.
ஒகேனக்கல் குழாய் வந்தது,
கோடு போகவில்லை.
தண்ணீருக்கு நாம் கணக்கு எழுதாவிட்டால்
உடம்பு எழுதிவைத்துக்கொள்ளும்.

ஒன்பது நாள் நீ பேசவில்லை.
பத்தாம் நாள் டிக்கெட் மிஷின் பேப்பரில்,
சுருள் சுருளாய், புது மூன்றாம் அத்தியாயம்.

இப்போது கப்பலில் ஒரு ஸ்டோர்காரி இருக்கிறாள்.
பெயர் வைக்கவில்லை, பழுப்புப் பல் வைத்திருக்கிறாய்.
மடங்கும் சீல் ஒன்றே ஒன்று மிச்சம்.
இண்டெண்ட் இரண்டு:
எந்திரத்துக்கு ஒன்று, நீரேற்றும் பம்புக்கு ஒன்று,
இரண்டும் ஒரே அளவு.
கேப்டன் நேரில் வந்து நிற்கிறார்.
அவள் பம்புக்குத் தருகிறாள்.
எந்திரம்?
"அணைத்துவிடுங்கள்" என்கிறாள்,
ரிஜிஸ்டரிலிருந்து தலை தூக்காமல்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
தொப்பூர் இறக்கத்தில்
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்ட லாரிகளை
கிரேன் தூக்குவதைப் பார்த்தவள் நான்.
நீ சிரித்தாய்.
"அங்கே இறக்கமே கிடையாது மாதம்மா.
அணைத்தாலும் அதே வேகத்தில் போய்க்கொண்டேதான் இருக்கும்."

சரி.
போய்ச் சேருகிற இடத்தில்
எதை வைத்து நிற்பார்கள்?

விசிலை வாயில் வைத்தாய், ஊதாமல் எடுத்தாய்.
"அதற்கு இன்னும் இருபத்துமூன்று வருடம் இருக்கிறது" என்றாய்.

நீ போனபின்
ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு வரி போட்டேன்:
வெண்கொக்கு, ஆயில் சீல், எண்ணிக்கை 1.
தேவைப்படும் தேதியும் எழுதினேன்.
சேலத்தைத் தெரியாதா,
இப்போதே கேட்டு வைத்தால்தான் உண்டு.

வெளியே தூறல்.
அரூர் வண்டிக்கு வைப்பர் கை வேண்டுமாம்,
டிரைவர் ஹாரனை விடுவதாக இல்லை.
ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு
புங்கமரத்தடிக்குப் போகிறேன்.
இடப்பக்கத்தில்
இன்னும் ஒன்று இருக்கிறது.