வெளிக்கோடு

மொனராகலையில் ஒருக்கா நிறுத்தி நனைத்துக்கொண்டு
லொறி வந்து சேர்ந்தபோது சுபஹ் முடிந்திருந்தது.
நாற்பத்தொரு சாக்கு.
அவிழ்த்தால் ஆவி,
சோற்றுப் பானை திறந்த மாதிரி.

"விதை எங்க?" என்றாள் மிஸ்றியா,
முப்பது போகம் வயலில் களை பிடுங்கியவள்.
"இதுக்கு விதையில்ல. கதிர் வரும்,
உள்ளுக்கு ஒண்டும் இரிக்காது."
"பதக்கடையா?"
"பதக்கடைதான். காசு குடுத்து வாங்கினது."
அவள் சிரித்த சிரிப்பில்
நடுகைக்காரிகளின் வரிசை முழுக்கக் குலைந்தது.

துண்டு துண்டாய் நட்டோம்.
சாண் இடைவெளி,
இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே.
பதினெட்டாம் நாள்
உப்புக்காற்றையும் பாராமல்
ஓடத் தொடங்கியது.

இதன் தாய் உங்கட அறுகுதான்,
தகப்பன் ஆபிரிக்காப் புல் என்றார் என்ஜினியர்.
அறுகம் என்று பெயரெடுத்த குடாவுக்கு
அறுகின் பிள்ளையை லொறியிலா கொண்டுவருவது
என்று நான் கேட்கவில்லை.
எனக்கு நாட்கூலி.

என் வேலை, தாய் உள்ளே வராமல் பார்ப்பது.
அவளுக்கு இலை அகலம், பச்சை கொஞ்சம் மங்கல்,
கதிர் விட்டால் ஐந்து விரல்.
வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்
ஆட்டம் பார்க்க வந்தவள் போல் படுத்துக் கிடப்பாள்.
விடிந்தால் ஒரு கால் உள்ளே.

சதுர்த்திக்கு முதல்நாள்
கோமாரியிலிருந்து பேரின்பம் சைக்கிளில் வருவான்,
நான் பிடுங்கிய குவியலில்
மூவிலை நுனியாகப் பார்த்துப் பொறுக்க.
ஒருதரம் கோட்டைத் தாண்டிக் கை போனது.
"அது சபைப் புல்லு, கணக்கிரிக்கி."
"பிள்ளையாருக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"
மறுகா அவனே கையை எடுத்துக்கொண்டான்.

யானை வந்து நடுவட்டத்தில் நின்றுவிட்டுப் போனது
வேறு கதை. நாலு குழி, பதினொரு கடிதம்.

இறுதியாட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம்
வடக்குக் கோலடியில்,
கால்பட்டுக் கால்பட்டு மொட்டையான இடத்தில்,
ஒரு கைப்பிடி பச்சை.
குந்தியிருந்து பார்த்தேன். அகல இலை.
இழுத்தேன்.
வந்தது, வந்துகொண்டே இருந்தது,
பெயருக்குள் அறு என்று வைத்துக்கொண்டு
அறாமல்.
முழங்கை நீளத்தில் விட்டுக்கொடுத்தது.
மீதி கீழே.

கொப்பியில் எழுதினேன்:
வடக்குக் கோலடி. களை அகற்றப்பட்டது.

மறுநாள் இடைவேளையில்
தோளில் மண்ணோடு றிகாஸ் வந்தான்,
எங்கள் கோல்காப்பாளன்.
"நானா, அதில கொஞ்சம் புல்லு இரிந்திச்சே,
புடுங்கிட்டீங்களா?
நான் பாஞ்சி விழுற பக்கம் அது."