பாடு

நாலரைக்கு வேலை முடிந்தது.
பதினொரு பெட்டிகள்.
இருக்கை இடுக்குகளில் கிடைத்தவை:
ஒற்றைக் கையுறை, பாதி தின்ற ஆப்பிள்,
யாரோ யாருக்கோ எழுதி
அனுப்பாமல் விட்ட அட்டை.
பீல் நிலையத்தில் மூன்றுதரம் கழுவியும்
கையில் மருந்து மணம்.
மீனுக்கு அது ஆகாது, மண்ணில் தேய் என்று
சொல்லித் தந்தவர் ஹேர் எக்லி.
இந்த ஏரியின் கோடு போட்ட மீனுக்கும் அதே பெயர்.
ஒன்பது வருடமாய் அந்தப் பகிடியை
அவரே சொல்லி அவரே சிரிக்கிறார்.
இன்று அவரும் வரவில்லை.

த்வான் படகுத்துறையின் கடைசிப் பலகை.
கார்த்திகை மூடுபனி.
தூண்டிலை வீசினேன்.
ஈயக்குண்டு விழுந்த சத்தம் கேட்டது,
விழுந்த இடம் தெரியவில்லை.
நரம்பு என் விரலில் தொடங்கி
நாலு முழம் தள்ளி
வெள்ளைக்குள் முடிந்துபோனது.
எதுவரை தண்ணீர், எதிலிருந்து வானம்,
நான் நிற்கும் பலகை எதில் சேர்த்தி,
கேட்க ஆளில்லை.

கோயிலுக்கு வருவதில்லையென்று
செல்வமலரக்காவுக்கு என்மேல் குறை.
அங்கேயும் திரை போட்டுத்தான் வைக்கிறார்கள்.
மணி அடிக்கும்வரை எல்லோரும்
துணியைப் பார்த்துத்தான் கும்பிடுகிறோம்.
திரை விலகியதும்
எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றம்.
விலகுமுன் இருந்ததே,
அதுதான் பெரிதாய் இருந்தது.
சொன்னால் அக்கா கோபிப்பா.

ஒரு முக்குளிப்பான்
என் காலடியில் தலை நீட்டியது.
சிவந்த கண். என்னைப் பார்த்தது.
பார்க்கும்படி ஒன்றுமில்லையென்று
திரும்ப முங்கியது.
போன இடத்தில் ஒரு வட்டம்,
வட்டத்துக்கு வெளியே வட்டம்,
பிறகு பனி.
எண்ணினேன். முப்பத்தொன்பதில்
எங்கோ தள்ளித் தண்ணீர் கிழிந்தது.
அவ்வளவு நேரமும்
நானும் மூச்சடக்கி நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் இழுத்தது.
முதலில் விரலில், பிறகு முழங்கையில்,
பிறகு எங்கே என்று
சொல்லத் தெரியாத ஓரிடத்தில்.
எனக்குத் தெரியாத இருட்டொன்று
நரம்பின் மறுமுனையைப் பிடித்து
ஆர் அது என்று கேட்டதுபோல.

தூண்டில் சான்றிதழுக்கான பரீட்சையில்
ஒரு கேள்வி: மீனுக்கு வலிக்குமா?
ஆம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
சரியான விடை. சித்தியடைந்தேன்.
புள்ளடி போட்ட கையால்தான்
இப்போது இழுக்கிறேன்.

எக்லி.
பச்சை முதுகில் ஆறு கறுப்புக் கோடு,
அடிச்செட்டைகள் குங்குமம்.
முதுகுமுள் உள்ளங்கையில் ஏறியது.
வலித்த பிறகுதான் கண்ணைப் பார்த்தேன்.
பொன்வளையம்,
அதற்குள் சிறிதாய் ஒரு வெள்ளை,
வெள்ளைக்குள் கம்பளித்தொப்பி போட்ட ஒருத்தி.
அளவுப்பலகையில் வைத்தேன்.
ஒரு விரற்கடை குறைவு.
யார் குறித்த அளவோ, அவருக்கு நன்றி.
குனிந்து, தண்ணீருக்குள் கையை விரித்தேன்.
உடனே போகவில்லை அது.
விரித்த கைக்குள் இரண்டு மூச்சு நின்றது.
அந்த இரண்டு மூச்சுக்கு
என்னிடம் சொல் இருக்கவில்லை,
கை இருந்தது.

முதுகுக்குப் பின்னால் ரயில்.
நோஷாத்தெல் பக்கம் போவது.
பனிக்குள் பெட்டி தெரியவில்லை,
மஞ்சளாய் ஜன்னல்கள் மட்டும்
ஒன்றன்பின் ஒன்றாய்.
அதிலொன்றின் மூலையில்
எவ்வளவு சுரண்டியும் போகாத நட்சத்திர ஒட்டுத்தாள்,
நான் விட்டுவந்த இடத்திலேயே.
பக்கத்தில் ஒரு தலை சாய்ந்திருந்தது.
தூக்கமோ, விழிப்போ.
விழித்திருந்தால் பார்த்திருக்கும்,
ஒன்றுமேயில்லாத இந்த வெள்ளையை,
ஒரு விரல் அடையாளமும் இல்லாமல்.

வீட்டில் தயாபரன்
வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டே
"பாடு எப்படி?" என்றான்.
வாளியை எட்டிப் பார்த்தான்.
"ஒண்டும் படேல்லையோ?"
"பட்டது" என்றேன்.
உள்ளங்கையை நீட்டினேன்.
முள் ஏறிய இடத்தில் சின்னதாய்ச் சிவப்பு.

அவன் பிளாஸ்டர் தேடப் போனான்.