போனி

எழுகடல் தெரு என்று பெயர்.
என் கடைக்குள் கால் நீட்ட இடமில்லை.
ஆறுக்கு எட்டு அடி.
அதற்குள் இருநூற்றுப் பத்து ஒயர் கூடைகள்,
ஒரு மேசை விசிறி, நான்.

விடிந்தால் தமுக்கத்தில் மூன்று நாள் விற்பனை.
ஸ்டால் வாடகைக்காக அடகுக்குப் போன சங்கிலியை
விரல் மட்டும் இன்னும் நம்பாமல்
அடிக்கடி கழுத்துவரை போய்த்
தேடிவிட்டு வருகிறது.

அவனியாபுரத்து இருளாயி
சிவன் கண் முடிச்சில் நாற்பது என்றாள்,
தந்தது முப்பத்தொன்று.
'சிவனுக்குக் கண்ணு மூடாதுக்கா,
எனக்கு மூடிருச்சு.'

மெஹருன்னிசா போட்ட நெல்லிக்காய் முடிச்சு
கிள்ளிப் பார்க்கத் தோன்றும், அப்படி ஒரு திரட்சி.
ஆனால் பச்சை ஒயர் தீர்ந்துபோனதென்று
கடைசி இரண்டு வரிசையை நீலத்தில் முடித்திருந்தாள்.
தவறு என்று சொல்லலாம்.
புது டிசைன் என்றும் சொல்லலாம்.
சீட்டில் இருபது ரூபாய் கூட்டி எழுதினேன்.

மாட்டுத்தாவணியில் டூட்டி முடித்து வந்த இவர்
'நான் விலை ஒட்டுறேன், நீ படு' என்று உட்கார்ந்து
மூன்றையும் ஐந்தையும் இடம் மாற்றிப்
பதினேழு கூடைகளை
ஐந்நூற்று முப்பது ஆக்கிவிட்டுத்
தானே படுத்துக்கொண்டார்.
சுரண்டிச் சுரண்டி
நகக்கண் எரிகிறது.

ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
விசிறி நின்ற பிறகுதான்
ஒயருக்கு இவ்வளவு வாசம் என்று தெரிந்தது.
இருட்டில் தொட்டே எண்ணினேன்:
பிஸ்கட் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு,
சிவன் கண்.
குத்திவிட்டேனோ என்று விரலை எடுத்துக்கொண்டேன்.
இருநூற்று ஒன்பது வந்தது.
மறுபடி எண்ணினால் இருநூற்றுப் பன்னிரண்டு.

மாலையில் சில்லறைக்கு நாலு கடை ஏறியிருந்தேன்.
'இல்லைங்க' என்றார் மருந்துக்கடைக்காரர்,
கல்லாவை மூடிக்கொண்டே.
பரோட்டாக் கடையில்தான் கிடைத்தது,
பத்துப் பத்தாய், காசு காசாய் இரண்டாயிரம்,
சால்னா மணக்க.
மஞ்சள் பையில் சுருட்டி
ஏதோ ஒரு கூடைக்குள் பத்திரமாக வைத்தேன்.
பத்திரம் என்றால்
எனக்கே தெரியாத அளவுக்கு.

ஆறரைக்கு லோடு ஆட்டோ
கூடைகளைத் தமுக்கத்தில் குவித்துவிட்டுப் போனது.
இன்னும் மேசைகூட விரிக்கவில்லை.
துப்புரவு வேலைக்கு வந்த முத்துராக்கு
பச்சைக் கோட்டோடு முன்னால் நின்றாள்.
சிவப்பு வெள்ளைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து
அடியில் தட்டி,
'தூக்குச்சட்டி சாயாம நிக்குமா?'
'நிக்கும்.'
'எவ்வளவு?'
'முந்நூத்தம்பது.'
நீட்டினாள்,
ஒரே தாளாக ஐந்நூறு.

போனி.
கடன் சொல்லக் கூடாது,
அப்புறம் வா என்று அனுப்பக் கூடாது.
மீதி நூற்றைம்பதோ
இந்தக் குவியலில் எங்கோ
சால்னா வாசத்தோடு தூங்குகிறது.

கைவிட்டுத் துழாவினேன்.
செவ்வாய்க்கிழமை தொலைத்த கத்தரிக்கோல் வந்தது.
இருளாயியின் கொண்டை ஊசி வந்தது.
பாதி கடித்த முறுக்கு ஒன்று,
அது என் பல்தான்.
முத்துராக்கு விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு
ஒவ்வொரு கூடையாய்க் காதருகே வைத்து
உலுக்கினாள்,
தேங்காய் வாங்குகிறவளைப் போல.
'இது முத்தல்' என்றாள் கடைசியில்.
உள்ளே காசு குலுங்கியது.

தூக்குச்சட்டியை இறக்கி வைத்து,
காதைத் தோளில் மாட்டிக்கொண்டு
வேப்பமரத்துப் பக்கம் நடக்கிறாள்.
பத்து நாளாய் எனக்கு இவை
அடுக்கு, எண்ணிக்கை, வட்டி.
ஒரு கூடை
ஒருத்தி நடைக்கு ஆடிக்கொண்டு போவதை
இப்போதுதான் பார்க்கிறேன்.

மைக்கில் யாரோ
ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு என்று
எண்ண ஆரம்பிக்கிறார்கள்.
எண்ணட்டும்.