கம்பு எடுத்து வைக்கிறவன்

சலேத் மேரி தாண்டினதை எல்லாரும் பார்த்தார்கள்.
தட்டிவிட்டதை எண்ணினவன் நான்தான்:
நாகர்கோவில் மைதானத்தில்
நாள்கூலிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவன்,
குறுக்குக்கம்பு விழும்போதெல்லாம்
கவைக்கோலால் தூக்கி
மறுபடி மேலே வைத்தவன்.

முதல் வருஷம் மூங்கில்.
குலசேகரத்திலிருந்து
நேசமணி பஸ்ஸின் தலையில் கட்டி வந்தது.
மெத்தை கிடையாது.
ஈத்தாமொழிச் சகிரிச்சோறு எழுபது சாக்கு,
அதன்மேல் அவள் அண்ணன்மார் கழித்துப்போட்ட வலை.
விழுந்து எழுந்தால்
முழங்கையில் கண்ணி கண்ணியாய்த் தடம்.
"மீனுக்கும் இப்பிடித்தான் இருக்கும்போல" என்பாள்,
சிரிக்காமல்.

விண்ணப்பத்தில் பெண்கள் பக்கம்
ஓட்டம் இருந்தது, குண்டு இருந்தது, ஈட்டி இருந்தது.
கோலூன்றித் தாண்டுதல் இல்லை.
"பிள்ளே, உயரம் தாண்டினா போதாதா?"
ஸ்டீபன்சன் சார் பேனாவை மூடினார்.
அவள் அதை வாங்கித் திறந்து
ஈட்டிக்குக் கீழே ஒரு கோடு கிழித்து
தானே எழுதினாள்.
அந்த வருஷம்
முதலிடம் ஒருத்தி, கடைசியிடமும் அவளே.
பரிசுக்கு விதியில்லை என்று
இரண்டு மீட்டர் இருபதுக்கு
ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்
அவிழ்த்துவிடும் காற்று
கோலின் நுனியைப் பிடித்துத் திருகும்.
கடியபட்டணத்தில் வள்ளம் இறக்குகிறவர்கள்
அலையை எண்ணுவதுபோல்
காற்றை எண்ணிக்கொண்டு நிற்பாள்.
எண்ணம் தப்பினால் திரும்ப முதலிலிருந்து.
எனக்கு வெயில், பசி, எல்லாம் சேர்ந்து எரிச்சல் வரும்.

பிறகு ஒரு கண்ணாடியிழைக் கோல்,
பட்டாளத்துக்காரர் யாரோ திருவனந்தபுரத்தில் விற்றது.
அவளைவிடப் பதினைந்து கிலோ கூடின
ஆணுக்கு வளையச் செய்தது.
இவளுக்கு வளையவில்லை.
இரண்டு மாதம் வளையவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை வளைந்தது.

மூன்று மீட்டர் ஐந்தில், மாநிலப் போட்டியில்,
நெஞ்சு உரசிவிட்டது.
அவள் மெத்தையில் விழுந்து
மேலே பார்த்துக்கொண்டே கிடந்தாள்.
கம்பு ஆடியது.
ஆடுகிற கம்பைத் தொடக் கூடாது, விதி.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஒரு திருட்டைத் தடுப்பதுபோல
என்னை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.
விழவில்லை.
பத்திரிகையில் பெயரைச் சலோத் என்று போட்டார்கள்.

தேசியப் போட்டிக்குப் போகையில்
ரயில் ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த கோலை
ஈரோட்டில் ஒரு போலீஸ்காரர் அவிழ்த்துப் போட்டார்.
வண்டி நகர்ந்தது. அவளும் குதித்தாள்.
"நான் தாண்டினதிலேயே நல்லது அதுதான்,
அளக்கத்தான் ஆளில்லை."
போய்ச் சேர்ந்தபோது
மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்களாம்.

அந்த ரயில்வேதான் பின்னால் வேலை கொடுத்தது,
பார்சல் பிரிவில்.
நீளமான சாமான்கள் எல்லாம்
அவள் கையெழுத்தில்தான் ஏறும்.

இந்த விளையாட்டில் ஜெயிக்கிறவளும்
மூன்று முறை தட்டிவிட்டுத்தான் ஓய்வாள்.
அதனால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை.
பதினோரு வருஷத்தில்
அவளுக்காக மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் தடவை
எடுத்து வைத்திருக்கிறேன்,
கடைசி தடவை, அவள் முழங்காலில் ஐஸ் கட்டியிருக்க,
யாரும் கேட்காமலே.

போன மாதம் கருங்கல் பிள்ளை ஒருத்தி
அவள் உயரத்தைத் தாண்டினாள்.
ராத்திரி போன் வந்தது. பின்னால் ரயில் அறிவிப்பு.
"கம்பு வெச்சது நீங்கதானா?"
ஆமா.
"எத்தனை தட்டினா?"
ரெண்டு.
கொஞ்ச நேரம் அறிவிப்பு மட்டும் கேட்டது.
"ஆடிச்சா?"
ஆடிச்சு.
"தொடல்லியே?"